மிளகுத் தண்ணீரும் மிளகின் வேரும்: மட்டாஞ்சேரியை முன்வைத்து ஒரு நுண்ணுயிர் வரலாறு

1676ஆம் ஆண்டு ஏப்ரல் 24 அன்று, டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் அந்தோனி வான் லேவன்ஹுக், ஏறத்தாழ மூன்று வாரமாக மிளகு ஊறிக் கிடந்த தண்ணீரில் ஒரு துளியை எடுத்துத் தாமே தேய்த்து உருவாக்கிய ஆடியின் வழியே நோக்கினார். அவர் தேடியது உயிர்களை அன்று. மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்பதே அவருடைய கேள்வி. மிளகின் நுண்துகள்கள் ஊசிபோல் கூராக இருப்பதால்தான் அவை நாவைக் குத்துகின்றன என்று அவர் கருதினார். ஊறிய மிளகை உடைத்து அந்தக் கூர்முனைகளைக் கண்டுவிடலாம் என்று எண்ணினார். நீர் வற்றியபோதெல்லாம் பனி உருகிய நீரை மேலும் ஊற்றிவைத்தார். கூர்முனைகள் கிடைக்கவில்லை. துளிக்குள் எண்ணிலடங்காச் சிற்றுயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன. அவற்றுள் மிகச் சிறியவற்றில் நூறை வரிசையாக வைத்தாலும் பெருமணல் ஒன்றின் நீளத்தை எட்டாது என்று அவர் கணக்கிட்டார். அவை பாக்டீரியாக்கள் என்பதில் பிற்கால வரலாற்றாசிரியர்களுக்கு ஐயமில்லை.

அக்டோபர் 9 அன்று அவர் இலண்டன் அரச கழகத்துக்கு எழுதிய நெடுங்கடிதம் முதலில் நம்பப்படவில்லை. 1677 நவம்பரில் இராபர்ட் ஹூக் அதே மிளகுத் தண்ணீரைத் தாமும் ஊறவைத்துக் கழகத்தாரின் கண்முன் காட்டிய பிறகே நம்பிக்கை பிறந்தது. மிளகின் காரத்துக்கான விடை இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது. பைப்பரின் என்னும் வேதிப்பொருளை டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் பிரித்தெடுத்தது 1819இல்தான். அந்தப் பெயருக்குள்ளும் ஒரு வணிகக் குழப்பம் ஒளிந்திருக்கிறது. ‘பைப்பர்’, ‘பெப்பர்’ ஆகிய ஐரோப்பியச் சொற்கள் மிளகின் இந்தியப் பெயரிலிருந்து பிறந்தவை அல்ல. திப்பிலியைக் குறிக்கும் ‘பிப்பலி’யின் வழி வந்தவை. சரக்கு ஒன்று, பெயர் வேறொன்று.

நுண்ணுயிரியல் பாடநூல்கள் இந்த நிகழ்ச்சியைச் சொல்லும்போது மிளகைத் தற்செயலாகக் கையில் கிடைத்த பொருளாகவே கொள்கின்றன. டெல்ஃப்டில் ஒரு துணி வணிகரின் மேசைமீது மிளகு தற்செயலாக வந்து அமர்ந்துவிடவில்லை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆறு கிளைகளுள் ஒன்று டெல்ஃப்டில் இருந்தது. அக்கம்பெனி 1663 சனவரியில் போர்த்துகீசியரிடமிருந்து கொச்சியைக் கைப்பற்றியது. கொச்சி அரசரோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்வழி மிளகு வாங்கும் தனியுரிமையையும் பெற்றது. மலபாரிலிருந்தும் சுமத்திரா, ஜாவாத் தீவுகளிலிருந்தும் கம்பெனியின் கப்பல்கள் மிளகை ஏற்றிச் சென்றன. லேவன்ஹுக்கின் குவளையில் ஊறியது கொச்சி மிளகே என்று இதைக்கொண்டு நிறுவ முயல்வது வீண். அதைவிடச் சிறியதும் உறுதியானதுமான ஒன்றை மட்டும் சொல்லலாம்: பாக்டீரியா மனிதக் கண்ணுக்கு முதன்முதலாகத் தெரிந்தது ஒரு வணிகச் சரக்கின் வழியாக; வேரிலிருந்தும் மண்ணிலிருந்தும் பிரிந்து, காய்ந்து, கடல் கடந்து வந்த ஒரு சரக்கின் வழியாக.

அதே ஆண்டுகளில் கொச்சியில் வேறொரு பணி நடந்துகொண்டிருந்தது. 1670 முதல் 1677 வரை மலபாரின் டச்சுத் தளபதியாக இருந்த ஹென்றிக் வான் ரீட், நாட்டின் செடிகொடிகளைப் படங்களோடு தொகுக்கச் செய்தார். இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியரும், ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்னும் கொங்கணி வைத்தியர் மூவரும் அளித்த அறிவே அந்நூலின் அடித்தளம். அவர்களுடைய சான்றுரைகள் 1675 ஏப்ரலில் எழுதப்பட்டவை. ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ் முதல் தொகுதியிலேயே அச்சேறின. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அந்நூல் வெளிவந்தது. மிளகுக்கொடி ஏழாம் தொகுதியில் இடம்பெற்றது. கொச்சியில் கொடியின் இலையும் காயும் வரையப்பட்ட காலத்திலேயே டெல்ஃப்டில் காய்ந்த மிளகின் ஊறல்நீர் ஆராயப்பட்டது. இரண்டுக்கும் இடையில் இருந்த மண்ணை இருவரும் நோக்கவில்லை. இதை அவர்களின் குறையென்று சொல்ல முடியாது. மண்ணைக் கேள்விக்குரிய பொருளாகக் கருதும் அறிவியல் அப்போது பிறந்திருக்கவில்லை.

மட்டாஞ்சேரியின் இயல்பும் இதற்குப் பொருத்தமானது. மிளகு அங்கே விளைவதில்லை. அங்கே எடை போடப்படுகிறது. பின்னாளில் வயநாட்டிலும் இடுக்கியிலும் பறித்துக் காயவைத்த மிளகு படகிலும் வண்டியிலும் வந்து சேர்ந்தது மட்டாஞ்சேரிப் பாண்டிகசாலைகளுக்கே. (தமிழின் ‘பண்டகசாலை’யோடு உறவுள்ள சொல் இது, கிடங்கு, கடை, கணக்கு மூன்றும் அதற்குள் அடங்கும்.) 1957இல் யூதத் தெருவில் அமைந்த இந்திய மிளகு, நறுமணப் பொருள் வணிகச் சங்கம் மிளகுக்கான முன்பேர வணிகத்தைக் கூக்குரல் ஏலமாக நடத்தியது. உலகச் சந்தையே அந்தக் கூடத்து விலையை உற்றுநோக்கிய காலம் உண்டு. அங்கே மிளகைத் தரம்பிரிக்கக் கேட்கப்பட்ட கேள்விகள் மூன்று நான்குதான்: ஈரப்பதம் எவ்வளவு, ஒரு லிட்டர் மிளகின் எடை எவ்வளவு, தூசியும் பொக்கும் எவ்வளவு, பூஞ்சணம் உண்டா. கொடி நின்ற மண் எப்படிப்பட்டது என்ற கேள்விக்கு வணிகக் கணக்கேட்டில் இடமே இல்லை. நறுமணப் பொருள் வணிகத்தின் வரலாறு பெரும்பாலும் இத்தகைய கணக்கேடுகளைக் கொண்டே எழுதப்பட்டது. அதனால் அந்த வரலாற்றிலும் மண் இல்லாமற்போயிற்று.

பாக்டீரியாவைப் பயன்தரும் உயிராக அறிவியல் ஏற்க 1676க்குப் பின் இருநூறு ஆண்டுக்குமேல் ஆயிற்று. எஹ்ரன்பெர்க் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ‘சிறுகோல்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லை அடியாகக்கொண்டு பெயரிட்டார். பாஸ்டர், கோக் ஆகியோரின் காலத்தில் அந்தப் பெயர் நோயோடு இணைந்து நின்றது. பயறு வகைச் செடிகள் வேர்முடிச்சுகளின் துணையால் காற்றின் தழைச்சத்தைப் பெறுகின்றன என்று ஹெல்ரீகல் 1886இல் பெர்லினில் அறிவித்தார். அம்முடிச்சுகளிலிருந்து பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டியவர் மார்ட்டினுஸ் பெய்யரிங்க், ஆண்டு 1888. அவர் அப்போது பணியாற்றிய இடம் ஒரு நொதி, சாராய ஆலையின் ஆய்வுக்கூடம். அந்த ஆலை இருந்த ஊர் மீண்டும் டெல்ஃப்ட். லேவன்ஹுக்கின் ஊரிலேயே, ஒரு தொழிற்சாலையின் கூலியில், மண்ணின் பாக்டீரியா நன்மை செய்யும் உயிராகப் பெயர்பெற்றது. எட்டே ஆண்டுகளில், 1896இல், ஜெர்மனியின் நோபேயும் ஹில்ட்னரும் அதை ‘நைட்ரஜின்’ என்ற பெயரில் காப்புரிமை பெற்ற சரக்காக்கினர். அதே ஹில்ட்னர் 1904இல் வேரைச் சூழ்ந்த மண்ணுக்கு ‘ரைசோஸ்பியர்’ என்று தனிப்பெயர் தந்தார். தமிழில் வேர்மண்டலம் என்கிறோம். முதலில் சரக்கு, பிறகு கலைச்சொல். இந்த வரிசையைக் கவனிக்காமல் கடந்துவிடக் கூடாது.

இனி மலபாருக்குத் திரும்பலாம். அங்கே பெயரில்லாமலே பாக்டீரியா வேலை செய்துகொண்டிருந்தது. மிளகுக்கொடி தானாக நிற்பதில்லை. படர ஒரு மரம் வேண்டும். மாவும் பலாவும் கமுகும் அதற்கு உதவின. தோட்டமாக நட்டவர்கள் பெரிதும் விரும்பியது முருக்கு. தமிழகத்தில் கல்யாணமுருங்கை என்று வழங்கும் மரம் இது. கொம்பை ஒடித்து நட்டால் துளிர்க்கும். பட்டை சொரசொரப்பாக இருப்பதால் கொடியின் பற்றுவேர் நன்கு பிடிக்கும். ஆண்டுக்கொரு முறை கிளை கழித்தால் கொடிக்கு வெயில் கிடைக்கும், தழை மண்ணுக்கு உரமாகும். உழவர் கண்ட காரணங்கள் இவை. முருக்கு பயறுக் குடும்பத்தைச் சேர்ந்தது, அதன் வேர்முடிச்சுகளில் ரைசோபியம் குடியிருக்கிறது என்பது பின்னாளில் சேர்ந்த காரணம். முன்னதைப் ‘பட்டறிவு’ என்றும் பின்னதை ‘அறிவியல்’ என்றும் பிரித்துவைப்பது வழக்கம். ஆனால் வேரில் நடந்த வினை இரண்டு காலத்திலும் ஒன்றே. 2005 வாக்கில் கேரளத்தில் பரவிய முடிச்சுக் குளவி முருக்கு மரங்களை வயநாடெங்கும் அழித்தது. பல தோட்டங்களில் அவற்றின் இடத்தைச் சில்வர் ஓக் பிடித்தது. உயரமாக வளரும், நல்ல விலைக்குப் போகும் மரம் அது. ரைசோபியம் தங்கும் முடிச்சு மட்டும் அதன் வேரில் இல்லை. மட்டாஞ்சேரியில் மிளகு வாங்கியவர் இந்த மாற்றத்தை அறிந்திருக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை.

வெண்மிளகு இன்னொரு சான்று. பழுத்த மிளகைச் சாக்கில் கட்டி ஏழெட்டு நாள் அல்லது அதற்குமேல் ஓடும் நீரில் ஊறவிட்டு, தோல் நெகிழ்ந்ததும் கசக்கிக் கழுவி உலர்த்தினால் வெண்மிளகு கிடைக்கும். தோலை நெகிழ்விப்பது நீர் அன்று. நீரில் பெருகும் பாக்டீரியாக்களின் நொதிகள். லேவன்ஹுக் குவளையில் கண்டதும் இதன் உறவுக்கார நிகழ்வுதான். அவர் அதை வியப்பாகக் கண்டார். வெண்மிளகு செய்தவர்களுக்கு அது அன்றாடத் தொழில். இன்று இவ்வகைப் பாக்டீரியாக்களைத் தேர்ந்தெடுத்து, கட்டுப்படுத்திய நொதித்தலால் வெண்மிளகு தயாரிக்கும் முறைகள் கேரளத்து ஆய்வுக்கூடங்களில் உருவாகியுள்ளன.

தொழிலுக்குப் பயன்பட்ட நுண்ணுயிர் என்று பார்த்தால் கொச்சியைச் சூழ்ந்த காயல்கள் ஒரு பெரிய ஆலை. ஆங்கிலத்தின் ‘காயர்’ நம் ‘கயிறு’தான். பச்சைத் தேங்காய் மட்டையைக் கட்டுக்கட்டாகக் காயலில் அமிழ்த்திச் சேற்றால் மூடி, ஆறு முதல் பத்து மாதம்வரை விட்டுவிடுவர். மலையாளத்தில் இதற்குத் ‘தொண்டு அழுக்கல்’ என்று பெயர். அழுகுவது இயற்கை, அழுக்குவது தொழில். பிறவினையாக்கும் ஒரு விகுதியில் முழு நுட்பமும் அடங்கியிருக்கிறது. நார்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினைப் பாக்டீரியாக்கள் தின்று கரைக்கின்றன. ஏற்றவற்றம் மட்டையிலிருந்து வெளியேறும் பாலிபீனால்களைக் கழுவிச் செல்கிறது. பின்னர் பெண்கள் நீர்க்கரையில் அமர்ந்து மட்டையைத் தடியால் அடித்து வெண்ணார் பிரித்தனர். கொச்சித் துறைமுகத்தின் கயிற்று ஏற்றுமதி இந்த அழுகலின்மேல் நின்றது.

ஆனால் இதை வெறும் புகழ்ச்சியாகச் சொல்லி முடிக்க இயலாது. மட்டை அழுகும் இடத்தில் நீரின் உயிர்வளி குறைகிறது, ஹைட்ரஜன் சல்பைடு நாற்றம் எழுகிறது, மீனும் இறாலும் அருகுகின்றன. நார்த்தொழிலுக்கு நன்மை செய்த அதே பாக்டீரியா மீன்பிடிப்பவருக்குத் தீமை செய்தது. அடிக்கும் பெண்களின் கைகளும் அந்த நீரிலேயே நாள்முழுதும் ஊறின. ‘நன்மை செய்யும் பாக்டீரியா’ என்ற தொடரில் எப்போதும் ஒரு வேற்றுமை உருபு மறைந்து நிற்கிறது: யாருக்கு? 1953ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த கயிறு வாரியம் கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டது. ஆலப்புழைக்கு அருகில் கலவூரில் 1959இல் தொடங்கிய அதன் ஆய்வு நிறுவனம், தேர்ந்தெடுத்த பாக்டீரியாக்களின் கலவையை உருவாக்கி, ஊறலைச் சுமார் மூன்று மாதமாகக் குறைக்க வழி கண்டது. அழுகலின் காலம் சுருங்கியது. எந்தப் பாக்டீரியா வேண்டும் என்ற தேர்வு காயலின் கையிலிருந்து ஆய்வுக்கூடத்தின் கைக்கு மாறியது.

பயிர்ச்சத்துக்கும் அந்த மாற்றம் நேர்ந்தது. கொச்சிப் பகுதியில் அது இரும்பும் புகையுமாக வந்தது. 1942இல் பர்மா வீழ்ந்து அரிசி வரத்து நின்றதும், திருவிதாங்கூரின் உணவு நெருக்கடி கடுமையாயிற்று. திவான் சி. பி. இராமசாமி ஐயரின் ஊக்கத்தாலும் திருச்சியைச் சேர்ந்த சேஷசாயி சகோதரர்களின் முயற்சியாலும் 1943இல் ஃபாக்ட் என்னும் உர ஆலை நிறுவனம் பிறந்தது. பெரியாற்றங்கரையில் ஏலூரில் 1947இல் உற்பத்தி தொடங்கியது. ஆண்டுக்கு 50,000 டன் அம்மோனியம் சல்பேட் அதன் இலக்கு. காற்றின் தழைச்சத்தைப் பிணைக்கத் தேவையான வாயுவுக்கு அவ்வாலை தொடக்கத்தில் விறகை எரித்தது. பயறுச்செடியின் முடிச்சில் சத்தமின்றி நடக்கும் வினைக்குக் காட்டு மரம் வண்டி வண்டியாகத் தேவைப்பட்டது. பசித்த நாட்டுக்கு அந்த ஆலை வேண்டியிருந்தது என்பதையும் மறுக்க இயலாது. பின்னாளில் அதே நிறுவனம் அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா பொட்டலங்களையும் விற்கத் தொடங்கியது.

மிளகின் வேரை நோக்கி அறிவியல் குனிந்தது நோயின் காரணமாக. சென்னை மாகாண அரசின் தாவரவியலாளர் சி. ஏ. பார்பர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வயநாட்டு மிளகுக்கொடிகள் கூட்டமாகப் பட்டுப்போவதை ஆராய்ந்தார். (இவரே பிறகு கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சியால் அறியப்பட்டவர்.) நோய்க்குக் காரணம் ஃபைட்டோப்தோரா என்னும், பூஞ்சையை ஒத்த உயிரி என்று தெளிவாகப் பல பத்தாண்டுகள் ஆயின. மழைக்காலத்தில் அது கொடியின் அடித்தண்டைத் தாக்கினால் இரண்டு மூன்று வாரத்தில் கொடி சாயும். போர்டோ கலவை தெளித்தும் முழுமையாக அடங்கவில்லை.

1978இல் கிளோப்பரும் ஷ்ரோத்தும், வேரில் குடியேறிச் செடியின் வளர்ச்சியைத் தூண்டும் பாக்டீரியாக்களுக்குத் தனி வகைப்பெயர் இட்டனர். அவை செய்யும் வேலைகள் பல. கரையாமல் கிடக்கும் மணிச்சத்தைத் தம் அமிலங்களால் கரைக்கின்றன. வேர் கிளைக்க உதவும் ஆக்சின் சுரக்கின்றன. இரும்பைக் கவ்விக்கொண்டு நோய்க்கிருமிக்கு அது கிடைக்காமற் செய்கின்றன. செடியின் எதிர்ப்பாற்றலை முன்கூட்டியே விழிக்கச் செய்கின்றன. கோழிக்கோட்டில் 1975இல் ஒரு வட்டார நிலையமாகத் தொடங்கி 1995இல் தற்போதைய பெயரைப் பெற்ற இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம், மிளகு, இஞ்சியின் வேர்மண்டலத்திலிருந்தே இத்தகைய பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்துச் சோதித்தது. கொடியைக் காக்கும் உயிர், நோயுற்ற தோட்டத்திலும் நலமாக நின்ற கொடியின் காலடியிலேயே இருந்தது.

ஆனால் உயிருள்ள ஒன்றைப் பொட்டலம் கட்டுவது எளிதன்று. மேலைநாடுகள் பாக்டீரியாவை முற்றாநிலக்கரியில் கலந்து விற்றன. இந்தியாவில் அது அரிது. 1971இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கந்தசாமியும் பிரசாத்தும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி ரைசோபியத்துக்குத் தக்க தாங்குபொருள் என்று காட்டினர். கோவையில் வித்யாசேகரனும் உடனாய்வாளர்களும் 1990களில் சூடோமோனாசை டால்க் தூளில் நிலைநிறுத்தினர். இன்று தமிழக உழவர் வாயில் ‘சூடோமோனாஸ்’ சாணத்தைப் போல் இயல்பாகப் புழங்கும் சொல். கயிற்றுத் தொழிலின் கழிவான நார்த்தூளும் தாங்குபொருளாயிற்று. 2006இல் உயிர் உரங்கள் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்தபோது, ஒரு கிராம் தூளில் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. வெயிலில் காயும் கடையில் அந்த எண்ணிக்கை எத்தனை மாதம் நிற்கும் என்பதே உழவரின் ஐயம், நியாயமான ஐயம். கோழிக்கோட்டு நிறுவனம் மு. ஆனந்தராஜின் காலத்தில் வேறு வழி கண்டது: மருந்து மாத்திரைபோல் ஜெலட்டின் உறைக்குள் பாக்டீரியாவை அடைத்தது. உறையைத் தண்ணீரில் கரைத்துக் கொடியின் வேரில் ஊற்ற வேண்டும்.

மட்டாஞ்சேரியில் மட்டும் பாக்டீரியாவின் பொருள் மாறவில்லை. ஏற்றுமதிக்கு வரும் மிளகில் சால்மோனெல்லா இருந்தால் சரக்கு திரும்பிவிடும். ஆகவே நீராவியால் கொல்கின்றனர். உணவுப் பாதுகாப்பில் அது சரியே. மூன்றரை நூற்றாண்டுக்குப் பின்னும் அந்தத் தெருவுக்குப் பாக்டீரியா என்பது காய்ந்த மிளகின்மேல் கண்டுபிடிக்கப்படும் ஒன்றாகவே இருக்கிறது.

காயலின் மறுபுறம், மட்டாஞ்சேரியிலிருந்து நெடுந்தொலைவில்லாத சதுப்புகளில் பொக்காளி நெல் விளைகிறது. பொக்கம் என்றால் உயரம். மழை உப்பைக் கழுவிய சேற்றில் மேடு கட்டி விதைத்து, அக்டோபர் வாக்கில் கதிரை மட்டும் அறுத்து, தாளை நீரில் அழுகவிடுவர். பிறகு மதகைத் திறந்து கடல்நீரையும் இறாலையும் உள்ளே விடுவர். தாளைப் பாக்டீரியா சிதைக்கிறது, சிதைவை இறால் உண்கிறது, இறாலின் கழிவு அடுத்த நெல்லுக்கு உரமாகிறது. இடுபொருளாக எதுவும் வாங்கப்படுவதில்லை. பொக்காளியின் உப்புத்தாங்கும் மரபணுப் பகுதி ‘சால்டால்’ என்ற பெயரில் பல நாட்டு நெல் இனங்களுக்குள் போய்விட்டது. அதன் வேர்மண்டலத்திலிருந்து உப்புத்தாங்கும் பாக்டீரியாக்களும் பிரித்தெடுக்கப்பட்டுள்ளன. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டத்தில் ‘உயிரியல் வளம்’ என்பதன் வரையறைக்குள் நுண்ணுயிரும் அடங்கும்; அதைச் செயற்படுத்தும் தேசிய ஆணையத்தின் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. வயல்களோ சுருங்கிவருகின்றன. நெல்லைவிட இறாலில் வருவாய் மிகுதி. ஆண்டு முழுதும் உப்புநீரைத் தேக்கிவைத்தால் விதைப்பு நின்றுவிடும், அழுகத் தாளும் இராது. பிரித்தெடுத்த பாக்டீரியா சேகரிப்பு மையத்தின் உறைகுளிர்ப் பெட்டியில் ஒரு எண்ணோடு உயிர்வாழும். எந்த வயலிலிருந்து எடுக்கப்பட்டது என்பது அந்தப் பதிவின் ஒரு கட்டத்தில் எழுதப்பட்டிருக்கும்.